வீட்டில் இருக்கும் பட டிஸ்க்குகளை டிவியில் ஓட்ட எந்தப் பெட்டி?

அப்பா இருபது வருடமாகச் சேர்த்த டிஸ்க்குகள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. போன மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தேன். சில விசிடிகளில் வெள்ளி அடுக்கு ஓரத்திலிருந்து பொடிப்பொடியாக உரிந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தினாற்போன்ற துளைகள் வழியே டியூப் லைட் தெரிந்தது. டிவிடி பிளேயர் லென்ஸ் போய் இரண்டு வருடம் ஆகிறது. இனியும் தள்ளிப்போட்டால் மிஞ்சுவது அட்டைப்படம் மட்டும்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

வேலை இரண்டு. டிஸ்க்கில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது ஒன்று. மாற்றியதை அம்மாவும் அப்பாவும் யாரையும் கேட்காமல் ரிமோட்டில் போட்டுப் பார்க்கும்படி டிவியோடு ஒரு பெட்டியை இணைப்பது இன்னொன்று. முதல் வேலைக்குப் பொறுமை இருந்தால் போதும். இரண்டாவதில்தான் எதை வாங்குவது என்ற கேள்வி வருகிறது. டிவியின் யுஎஸ்பி துளை, ஆண்ட்ராய்டு ஸ்டிக், ராஸ்பெரி பை என்னும் குட்டிக் கணினிப் பலகை, மினி கணினி என்று நாலு வழியையும் ஒரே டிவியில், ஒரே படங்களை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நாலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

முதலில் பெட்டியை எண்ணுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்களிடம் என்ன டிஸ்க் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு இது: சுமார் எழுபது படங்கள் விசிடியாக, 240 டிவிடி, 17 ப்ளூ-ரே. 4கே டிஸ்க் ஒன்றுகூட இல்லை. பல தமிழ்க் குடும்பங்களின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோது, அதுவரை வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்கள் சொந்தமாக வாங்கத் தொடங்கினார்கள். அப்பாவின் பெட்டியிலும் பெரும்பகுதி அந்தக் காலத்தில் வந்ததுதான்.

இடக் கணக்கும் போட்டுவிடலாம். ஒரு விசிடி படம், இரண்டு மூன்று டிஸ்க் சேர்த்து, ஒன்றரை, இரண்டு ஜிபி. டிவிடியில் ஒற்றை அடுக்கு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி, சராசரியாக ஆறரை என்று வைத்துக்கொண்டால் 240 டிவிடிக்கு ஒன்றரை டெராபைட்டுக்குக் கொஞ்சம் மேலே. ப்ளூ-ரே ஒன்று 25 முதல் 40 ஜிபி வரை போகும்; பதினேழுக்கும் அறுநூறு ஜிபி. எல்லாம் சேர்த்தால் இரண்டேகால் டெராபைட். 4 டெராபைட் டிஸ்க் ஒன்று தாராளமாகப் போதும். அதே அளவில் இன்னொன்றையும் சேர்த்து வாங்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஹோம் தியேட்டர் கணினி பற்றிப் படிக்கப் போனால் பேச்செல்லாம் 4கே, ஹெச்டிஆர், அட்மாஸ் என்றே இருக்கும். அவையெல்லாம் கனமான கோப்புகளின் பிரச்சினை. நம் கையில் இருப்பவற்றில் பத்தில் ஒன்பது இலகுவான, பழைய கோப்புகள். கடந்த பத்து வருடத்தில் வந்த எந்தச் சிப்பும் டிவிடியின் எம்பெக்-2 வீடியோவை வியர்க்காமல் ஓட்டிவிடும். பழைய டிஸ்க்குகளின் தொல்லைகள் வேறு ரகம். அவை நாலு.

முதல் தொல்லை, இன்டர்லேஸ். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி. அந்த 576 வரிகளையும் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று நொடிக்கு ஐம்பது முறை மாற்றி மாற்றிக் காட்டும்படி பதிவு செய்திருப்பார்கள். பழைய குண்டு டிவிக்கு அது இயல்பு. இன்றைய டிவி முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் இரண்டு பாதியையும் யாராவது சேர்த்துத் தைக்க வேண்டும். சரியாகத் தைக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு நடனக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். சுழலும் பாவாடையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பிரிந்து நிற்கும். ஓடும்போது அது கண்ணைக் கூசவைக்கும் நடுக்கமாகத் தெரியும்.

இரண்டாவது, ஓட்ட வேகம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பால் டிவிடியில் அது 25 ஆக ஓடும். அதாவது நாலு சதவீதம் வேகம் கூடி, 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வசனத்தில் இது தெரியாது, பாட்டில் தெரியும். அப்பாவிடம் ஒரு படத்தின் பாட்டு ஆடியோ சிடியாகவும் இருந்தது. சிடியில் 4 நிமிடம் 50 நொடி ஓடும் பாட்டு டிவிடியில் 4 நிமிடம் 38 நொடியில் முடிந்தது. சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருந்தது. கேட்டுப் பழகிய காதுக்குப் பாடகர் அவசரப்படுவது போல இருக்கும். இது டிஸ்க்கிலேயே இருக்கும் குறை. எந்தப் பெட்டி வாங்கினாலும் தானாகச் சரியாகாது. பெட்டி செய்யக்கூடியது ஒன்றுண்டு: 25 ஃபிரேம் படம் வரும்போது டிவியை 50 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கும்படி, மாற்றுவது. 60 ஹெர்ட்ஸிலேயே விட்டால் சில ஃபிரேம் இரண்டு தடவையும் சில ஃபிரேம் மூன்று தடவையும் வரும். கேமரா மெதுவாக ஒரு வயல்வெளியைச் சுற்றிவரும் காட்சியில் விட்டுவிட்டுத் தள்ளுவது தெரியும். வெளிநாட்டு விற்பனைக்கென்று என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் வந்த தமிழ் டிவிடிகளும் நிறைய உண்டு. அவற்றில் சுருதி சரியாக இருக்கும். 24 ஃபிரேமை 30 ஆக நிரப்பிய தடம் மட்டும் இருக்கும்.

மூன்றாவது, வடிவம். சினிமாஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிந்திருப்பார்கள். அகலமான டிவியில் அது நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து அஞ்சலட்டை போல நடுவில் நிற்கும். அல்லது டிவி தானாக இழுத்து எல்லார் முகத்தையும் அகலமாக்கிவிடும்.

நாலாவது ரிமோட். வாங்கும்போது யாரும் யோசிக்காதது இதுதான். பெட்டி ஆறு மாதத்துக்குப் பிறகும் உபயோகத்தில் இருக்குமா என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.

டிவியின் யுஎஸ்பி துளை

செலவே இல்லாத வழி. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் டிவியின் சொந்த பிளேயரே ஓட்டும். ரிமோட்டும் அதே ரிமோட். விசிடி கோப்புகளும் எம்கேவி (படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) ஆக்கிய டிவிடிகளும் எங்கள் டிவியில் ஓடின. ஆனால் டிவிடியை அப்படியே நகலெடுத்துப் போட்டால் படம் ஒரு ஜிபி ஒரு ஜிபியாக உடைந்த விஓபி கோப்புகளாக இருக்கும். ஒன்று முடிந்ததும் டிவி நின்று அடுத்ததைத் தேடும். சண்டைக் காட்சிக்கு நடுவில் திரை கறுத்து, பட்டியல் வந்து, மறுபடி ஓடும்.

பெரிய குறை வேறு. எந்தப் படத்துக்கு எந்த வடிவம் என்று டிவி ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அஞ்சலட்டைப் படத்தை ஒவ்வொரு தடவையும் பெரிதாக்க வேண்டும். பட்டியலில் போஸ்டர் கிடையாது. கோப்புப் பெயர் நீண்டால் பாதியில் வெட்டிவிடும். ப்ளூ-ரேக்குப் போனால் இன்னொரு சிக்கல்: சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் என்ற ஒலி வகையை விட்டுவிட்டது, எல்ஜியும் 2020 முதல் சில வருடங்கள் விட்டிருந்தது. அந்த டிவிகளில் படம் ஓடும், சத்தம் வராது.

ஐம்பது படத்துக்குள்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் எம்கேவி ஆக்கிவிடுவேன் என்றால் இதுவே போதும், செலவு வேண்டாம்.

ஸ்டிக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியும்

வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்டிக் இருப்பவர்களுக்கு இதுதான் முதலில் தோன்றும். கோடி என்னும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் தொடங்கி 2014-ல் கோடி ஆனது. இந்தக் கட்டுரையில் வரும் மூன்று பெட்டியிலும் படம் ஓட்டுவது இதுதான். கூகுள் பிளேயில் நேராகக் கிடைக்கும். ஆண்ட்ராய்டு வழி வந்த ஃபயர் டிவி ஸ்டிக்குகளில், அமேசானின் கடையில் இல்லாததால் வெளியிலிருந்து இறக்கி நிறுவ வேண்டும்.

ஸ்டிக் ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கை மாட்ட ஓடிஜி கேபிள் வேண்டும், டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் வேண்டும். அல்லது படங்களை வேறொரு கணினியில் வைத்து வைஃபை வழியே எடுக்க வேண்டும். டிவிடிக்கு வைஃபை போதும். நொடிக்குப் பத்து மெகாபிட்டுக்கு மேல் போகாது. சீப்புப் பல் விஷயத்தில் இது என்னைச் சோதித்தது. ஆண்ட்ராய்டில் வீடியோவைச் சிப்பே நேராகத் திரைக்கு அனுப்பும்போது கோடியின் டீஇன்டர்லேஸ் (இரண்டு பாதியையும் தைக்கும் வசதி) வேலை செய்யாது; சிப் எப்படித் தைக்கிறதோ அதுதான். நான் பார்த்த ஸ்டிக்கில் பாதி வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை இழுத்தது போல் இருந்தது. டைட்டில் எழுத்துகள் மாவாகக் குழைந்தன. அமைப்பில் ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்தபின் சரியானது. இந்த ஒரு சுவிட்சைத் தெரிந்துகொண்டால் ஸ்டிக் மோசமில்லை.

4கே டிஸ்க், டால்பி விஷன், அட்மாஸ் எல்லாம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசையில் ஒரு பெட்டியை முதலிடத்தில் வைப்பேன். என்விடியாவின் ஷீல்டு டிவி ப்ரோ. 2019-ல் வந்த மாடல், வயதாகிவிட்டது. ஆனாலும் ட்ரூஹெச்டி என்ற இழப்பில்லாத ஒலியை அப்படியே ரிசீவருக்குக் கடத்தி, டால்பி விஷனும் காட்டும். ராஸ்பெரி பையில் டால்பி விஷன் கிடையாது. ஆப்பிள் டிவி ட்ரூஹெச்டியை அப்படியே கடத்தாது.

ராஸ்பெரி பை

உள்ளங்கை அளவு பலகை. லிப்ரேஎலெக் என்ற, கோடியை மட்டுமே ஓட்டுவதற்கென்று சுருக்கிய லினக்ஸை எஸ்டி கார்டில் எழுதிச் செருகினால் நேராகக் கோடியில் எழும். விண்டோஸ் அப்டேட் கிடையாது, விளம்பரம் கிடையாது, "உங்களுக்குப் பரிந்துரைக்கிறோம்" என்று எதுவும் குறுக்கே வராது. அப்பாவின் படங்கள் மட்டும்.

இதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் ஹெச்டிஎம்ஐ-சிஇசி. டிவி ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தினால் அந்தக் கட்டளை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே பெட்டிக்குப் போகும். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர் மாற்றி வைத்திருப்பார்கள். டிவி அமைப்பில் அதைத் திறந்துவிட்டால் சரி. ராஸ்பெரி பையில் இது பிறவியிலேயே உண்டு. மாட்டிவிட்டு அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுத்தேன். சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. மேலே, கீழே, ஓகே. போஸ்டர்களைத் தள்ளிக்கொண்டே போய்ப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் நின்று அழுத்தினார். அந்தப் படம் எங்களிடம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

டிவிடியின் இன்டர்லேஸைப் பையின் சிபியுவே மென்பொருளால் தைத்துவிடுகிறது. 576 வரிக்கு அது பெரிய வேலை இல்லை. பாவாடை ஓரம் ஒழுங்காக இருந்தது. ரெஃப்ரெஷ் ரேட்டை வீடியோவுக்கேற்ப மாற்றும் அமைப்பைத் திறந்துவிட்டால் பால் படத்துக்கு 50, என்டிஎஸ்சிக்கு 60, ப்ளூ-ரேக்கு 24 என்று டிவி தானே மாறிக்கொள்ளும்; மாறும்போது ஒரு நொடி திரை கறுக்கும். அஞ்சலட்டைப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிவிட்டால் அந்தக் கோப்புக்கு அந்த அளவைக் கோடி ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அறுபது எழுபது படங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்து முடித்தேன்.

எந்தப் பை? 2019-ல் வந்த பை 4, ஹெச்.264, ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறைகள் இரண்டையும் வன்பொருளால் ஓட்டும். 2023-ல் வந்த பை 5-ல் ஹெச்.264 வன்பொருளை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் சிபியு வேகம் கூடியதால் ப்ளூ-ரே அளவு ஹெச்.264-ஐ மென்பொருளாலேயே ஓட்டிவிடும். டிவிடி, விசிடிக்கு இரண்டில் எதுவும் போதும். 2 ஜிபி நினைவகம் தாராளம். பை 4 மலிவாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். இன்னும் பழைய பைகளைத் தவிர்த்துவிடலாம். அவற்றில் எம்பெக்-2 வன்பொருளைத் திறக்கவே காசு கொடுத்துத் தனிச் சாவி வாங்க வேண்டியிருந்தது.

மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று, மின்சாரம். போன் சார்ஜரை வைத்துச் சமாளிக்கலாம் என்று இறங்காதீர்கள். பை 5 தனக்குரிய 27 வாட் அடாப்டரைக் காணாவிட்டால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும். அதில் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கிவிட்டு நின்றுவிடும். 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சரியான அடாப்டர், அதோடு தனி மின்சாரம் உள்ள 3.5 அங்குல டிஸ்க் என்று போய்விட்டால் நிம்மதி. அப்புறம், டிவி இருக்கும் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் எஸ்டி கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகலாம்.

மினி கணினி

இதில் இரண்டு ரகம். புதிதாக, இன்டெல் என்100 சிப் வைத்த சின்னப் பெட்டிகள். அந்தச் சிப் 2023-ல் வந்தது, 6 வாட் ரகம். ஹெச்இவிசி 10-பிட், ஏவி1 உட்பட இன்று புழங்கும் எல்லாவற்றையும் வன்பொருளால் ஓட்டும். இரண்டாவது ரகம், அலுவலகங்கள் கழித்துவிடும் லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி வகைகள். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கினால் இன்டெல் ஏழாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். ஆறாம் தலைமுறை 10-பிட் ஹெச்இவிசியை வன்பொருளால் ஓட்டாது. ஏழு, எட்டாம் தலைமுறைப் பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் பழைய 1.4 தரம், 4கே டிவியில் நொடிக்கு 30 தடவைக்கு மேல் புதுப்பிக்காது. 1080-ல் வைத்து ஓட்டினால் டிவிடிக்கு எந்தக் குறையும் இல்லை.

ராஸ்பெரி பைக்குப் பலகை, அடாப்டர், உறை, கார்டு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் விலை மினி கணினிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அதே காசுக்கு இது வேகமானது. டிவிடி டிரைவை இதிலேயே மாட்டி டிஸ்க்குகளையும் உரித்துவிடலாம், அதாவது உள்ளே இருப்பதைக் கோப்பாக எடுத்துவிடலாம். லிப்ரேஎலெக் இதிலும் ஓடும். இன்டெல் கிராஃபிக்ஸின் டீஇன்டர்லேஸ் அசைவைக் கணித்துத் தைப்பது. நான் பார்த்த நாலிலும் படம் மிகச் சுத்தமாக இருந்தது இதில்தான். பையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூலளவு வித்தியாசம்.

அப்படியிருந்தும் பெற்றோர் வீட்டுக்கு இதை வைக்கவில்லை. கணினிகளின் ஹெச்டிஎம்ஐ துளையில் சிஇசி பெரும்பாலும் கிடையாது. பல்ஸ்-எய்ட் நிறுவனத்தின் சிஇசி அடாப்டரையோ, எந்த ரிமோட்டையும் கற்றுக்கொள்ளும் ஃப்ளர்க் என்ற அகச்சிவப்பு வாங்கியையோ தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோபா மேல் ஒரு கீபோர்டு. டிவியை ஆன் செய்தால் பெட்டி எழுந்திருக்காது. கரண்ட் போய் வந்தால் யாராவது எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு பயாஸில் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி ஓர் அமைப்பு உண்டு, மறக்காமல் அதைப் போட்டுவிடுங்கள்.

பழைய பெரிய கணினி சும்மா இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 வாட் இழுக்கும் பெட்டியை நாள் முழுக்க ஓடவிட்டால் மாதத்துக்கு 43 யூனிட், இரண்டு மாத பில்லில் 86. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை ஏறக்குறைய அதுவே தின்றுவிடும். பத்து வாட் மினி கணினிக்கு அதே இரண்டு மாதத்தில் 14 யூனிட்தான்.

வீட்டில் இரண்டு மூன்று டிவி, பிள்ளைகள் போனிலும் பார்க்க வேண்டும் என்றால் மினி கணினியில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டு, எல்லாத் திரைக்கும் படம் அனுப்பும் சர்வராக அதை வைப்பது நல்ல வழி. முழுக்க இலவசம், திறந்த மூலம். 2018 கடைசியில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. அதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் பளபளப்பானது, ஆனால் 2025 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து நம் சொந்தப் படத்தைப் பார்க்கவே கட்டணம் கேட்கிறது. ஒரே டிவிதான் என்றால் சர்வர் எதற்கு? டிஸ்க்கைப் பையிலேயே மாட்டிவிடுங்கள்.

எந்த வடிவில் சேமிப்பது

பெட்டியைவிட இந்த முடிவை நிதானமாக எடுக்க வேண்டும். பெட்டியை நாளை மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் அடுத்த வருடம் படிக்குமா தெரியாது.

டிவிடிக்கு மூன்று வழி: டிஸ்க்கை அப்படியே ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுப்பது, மேக்எம்கேவியால் படத்தை மட்டும், தரம் துளியும் குறையாமல், எம்கேவி ஆக்குவது, ஹேண்ட்பிரேக்கால் சுருக்குவது. படங்களுக்கு நான் எம்கேவி. அத்தியாயக் குறிகள், சப்டைட்டில், எல்லா ஒலித்தடங்களும் வந்துவிடும், எங்கும் ஓடும், 15 முதல் 25 நிமிடத்தில் ஒரு டிஸ்க் முடியும். பாட்டுத் தொகுப்பு டிவிடிகளுக்கு ஐஎஸ்ஓ. அவற்றில் படம் போட்ட மெனு இருக்கும். அந்த மெனுவிலிருந்து பாட்டைத் தேர்ந்தெடுப்பது அப்பாவுக்குப் பழக்கம். கோடி அந்த மெனுவோடு ஓட்டும், ஜெல்லிஃபினில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். பாட்டுகளைத் தனித்தனிக் கோப்பாக வேண்டுமென்றால் எம்கேவிடூல்நிக்ஸில் அத்தியாயம் வாரியாக வெட்டிவிடலாம், தரம் கெடாது.

சுருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு ஜிபி டிவிடி ஒன்றரை ஜிபி ஆகும், உண்மை. ஆனால் அந்த டிவிடியே மலிவு விலைக்காக ஏற்கெனவே பிழிந்து பதிந்தது. அதை இன்னொரு முறை பிழிந்தால் இரவுக் காட்சிகளில் கறுப்பு கட்டம் கட்டமாகப் பெயரும். இடத்தை மிச்சம் பிடித்து வைத்து என்ன செய்யப் போகிறோம்? 24 ஃபிரேமை 30 ஆக நிரப்பி எழுதிவிட்ட என்டிஎஸ்சி டிஸ்க்குகளுக்கு மட்டும் அந்த நிரப்பலை நீக்கும் ஹேண்ட்பிரேக்கின் டீடெலிசின் வடிப்பான் உதவும். அங்கேயும் மூல எம்கேவியை அழிக்காதீர்கள். ப்ளூ-ரேயும் அப்படியே இருக்கட்டும். சவுண்டுபார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெட்டி டிவியிலும் சவுண்டுபார் டிவியின் ஏஆர்சியிலும் (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ துளை) இருந்தால் ட்ரூஹெச்டி போன்ற இழப்பில்லாத ஒலி அந்த வழியே போகாது, அதற்கு இஏஆர்சி வேண்டும்.

விசிடி தனிக் கதை. எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருக்கும், .dat என்று முடியும் கோப்புதான் படம். நல்ல டிஸ்க் என்றால் நேராக நகலெடுத்து எம்பிஜி என்று பெயர் மாற்றினால் பெரும்பாலும் ஓடும். கீறல் விழுந்ததில் பாதியில் பிழை என்று விண்டோஸ் நின்றுவிடும். காரணம் உண்டு: ஒரு மணி நேரத்துக்கு மேல் படத்தை அடக்குவதற்காக, சாதாரண சிடி-ரோமில் பிழை திருத்த ஒதுக்கும் இடத்தையும் விசிடியில் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். படம் ஓடும்போது ஒரு கட்டம் சிதறினால் கண் மன்னித்துவிடும், நகலெடுக்கும் மென்பொருள் மன்னிக்காது. ஐசோபஸ்டர் மாதிரி, பிழையைத் தாண்டிப் படிக்கும் மென்பொருள் வைத்து எடுங்கள். அதற்கு முன் டிஸ்க்கைக் குழாய்த் தண்ணீரில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறும். இப்படிக் கழுவியே பதினொரு டிஸ்க்குகளை மீட்டேன். வெள்ளி உரிந்தவை போனவைதான். உரிந்த பக்கம் கழுவவும் கூடாது.

விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி. 4கே டிவியில் அந்த ஒரு புள்ளியை ஏறக்குறைய 82 புள்ளியாக இழுக்க வேண்டும். எந்தப் பெட்டியும் இல்லாத விவரத்தைக் கொண்டுவராது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, டிவியின் ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்துப் பாருங்கள், முகங்கள் மென்மையாகும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். பில்லா (1980), பில்லா (2007) என்று இருந்தால்தான் கோடி சரியான போஸ்டரைக் கொண்டுவரும். தமிழில் தலைப்புகள் மறுபடி மறுபடி வருவதால் இது ரொம்பவே முக்கியம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை நம் வீட்டு டிவிக்கு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகலை நண்பருக்குக் கொடுப்பது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். டிஸ்க்குகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வீட்டு டிவிக்குப் பின்னால் ராஸ்பெரி பை 4, பக்கத்தில் 4 டெராபைட் டிஸ்க். என் வீட்டில் ரிச்சி தெருவில் வாங்கிய எட்டாம் தலைமுறை மினி கணினி; டிஸ்க் உரிக்கும் வேலை அதில். அதில் மாட்டியிருக்கும் இரண்டாவது 4 டெராபைட் டிஸ்க்கில் எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல். ஒரே டிஸ்க்கில் வைத்து அது ஒருநாள் சுழல மறுத்தால் இத்தனை மாத வேலையும் போய்விடும், அதனால்தான் முதலிலேயே இரண்டாக வாங்கச் சொன்னேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் புதிதாக உரித்தவற்றை ஏற்றிவிட்டு வருகிறேன். இதுவரை 190 டிவிடி முடிந்திருக்கிறது. சுருதி ஏறிய பாட்டுகளை மட்டும் எடுத்து, ஒலியையும் படத்தையும் நாலு சதவீதம் இறக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் இறக்கிய பாட்டைப் போட்டபோது அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. பல்லவி முடிவதற்குள், "இதுதான் தியேட்டர்ல கேட்டது" என்றார்.